அறுபது சதவீதம் என்கிற கதை

அமெரிக்காவில் நம்மாட்கள் கூடுகிற இடங்களில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழும். "நெட்வொர்க்குக்கு வெளியே தெரபிஸ்ட்டைப் பாத்தா காசு போகத்தான் செய்யும். அது உன் சாய்ஸ் இல்லையா?" இதில் சாய்ஸ் எங்கே இருக்கிறது?

என் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் 'தமிழ்' என்று வடிகட்டித் தேடியதில் மூன்று பெயர்கள் வந்தன. ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டார். இன்னொருவர் எண்ணில் பல் மருத்துவமனைக்காரர்கள் எடுத்தார்கள். மூன்றாமவர் குழந்தைகளை மட்டும் பார்ப்பவர். 'மனசு கேக்கல' என்பதை ஆங்கிலத்தில் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம் என்று மொழியை விட்டுத் தேடினாலும் அதே கதைதான். இது என் ராசி அல்ல. 2023இல் அமெரிக்க செனட்டின் நிதிக் குழு ஊழியர்கள் இப்படியான பட்டியல்களில் இருந்த 120 பேரை அழைத்துப் பார்த்தார்கள். 18 சதவீத அழைப்புகளில்தான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. இதற்கு 'கோஸ்ட் நெட்வொர்க்' என்று பெயரே இருக்கிறது. கொடுக்கிற கட்டணம் குறைவு, பேப்பர் வேலை அதிகம் என்று தெரபிஸ்ட்டுகள் விலகிப்போகிறார்கள். பட்டியலில் பெயர் மட்டும் தங்கிவிடுகிறது.

சரி, வெளியே போகிறோம். பிளான் புத்தகத்தில் '60 சதவீதம் திருப்பித் தருவோம்' என்று போட்டிருக்கிறது. எதில் 60? இங்கேதான் பித்தலாட்டம். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு செஷன் 200 டாலர். காப்பீடு ஒப்புக்கொள்ளும் தொகை, அதாவது 'அலவுட் அமவுன்ட்', 110 என்று வையுங்கள். டிடக்டிபிள் 2000. அதில் வரவு வைக்கப்படுவதும் 110தானே தவிர 200 அல்ல. ஆக 18 செஷன் வரைக்கும் ஒரு சென்ட் வராது. வாரம் ஒன்று என்று வருடத்துக்கு 52 செஷன் போனால் நீங்கள் கட்டியது 10,400 டாலர், திரும்பி வருவது 2,232. 21 சதவீதம்! இடைப்பட்ட 90 டாலர் வருடாந்திர உச்சவரம்புக் கணக்கிலும் சேராது. ஜனவரியில் டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

அந்த 110 யார் வைத்த எண்? ஒரு காலத்தில் தொழில் முழுக்க இன்ஜெனிக்ஸ் என்ற தரவுத்தளத்தைப் பயன்படுத்தியது. அது யுனைடெட்ஹெல்த் குழுமத்துக்கே சொந்தம். நியூயார்க் அட்டர்னி ஜெனரல் விசாரித்த பிறகு, 2009இல் 5 கோடி டாலருக்குச் சமரசமாகி, ஃபேர் ஹெல்த் என்ற தனி அமைப்பு உருவானது. இன்று பல பிளான்கள் அதைத் தொடுவதே இல்லை. மெடிகேர் கட்டணத்தை ஒட்டித் தாங்களே ஒரு எண் வைத்துக்கொள்கின்றன.

இன்னொன்று. இந்தச் சொற்பக் காசுக்கும் 'சூப்பர்பில்' வேண்டும், அதில் நோய்க் குறியீடு வேண்டும். அப்பா செத்துப்போன துக்கத்தில் அழப் போனவனுக்கும் எஃப்43.2 மாதிரி ஏதாவது ஒரு முத்திரை குத்தினால்தான் பணம். வெறும் துக்கத்துக்குக் காசு கிடையாது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. உடல்நோய்க்கும் மனநோய்க்கும் காப்பீட்டில் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 2008லேயே வந்துவிட்டது. அதைக் கறாராக்க 2024இல் வந்த புதிய விதிகளை அமல்படுத்தப் போவதில்லை என்று 2025 மே மாதம் அரசு கைவிரித்துவிட்டது.

என் கோபம் காப்பீட்டு நிறுவனத்தோடு நிற்கவில்லை. நம்மில் பலர் வேலை பார்க்கும் பெரிய கம்பெனிகளில் மருத்துவச் செலவைக் கொடுப்பது கம்பெனியேதான். காப்பீட்டு நிறுவனம் கணக்குப்பிள்ளை மாதிரி. அந்த அலவுட் அமவுன்ட் எந்த முறையில் வரவேண்டும் என்று கையெழுத்துப் போடுவது, மே மாதம் பிறந்தால் 'உங்கள் மனநலம் எங்களுக்கு முக்கியம்' என்று மெயில் அனுப்பி, கூடவே ஒரு தியான ஆப்பும் இலவசமாகத் தருகிற அதே ஹெச்ஆர் துறைதான். அந்த மெயிலுக்கு நாம் இதயம் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். விசா பயம் வேறு.

இதயம் போடாமல் பதில் போடுங்கள். பிளான் ஆவணங்களை எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். உள்ளே ஆளே இல்லை என்றால், வெளியாளுக்கும் உள்ளாள் கட்டணத்தில் தரச் சொல்லி 'நெட்வொர்க் கேப் எக்ஸெப்ஷன்' கேட்கலாம். யாரை எந்தத் தேதியில் அழைத்தோம், என்ன பதில் வந்தது என்று ஒரு எக்செல் போதும். நம்ம ஊர்ப் பையன்களுக்கு எக்செல் போடத் தெரியாதா என்ன?