மேடையில் மாண்ட தேசபக்தர்

பத்திரிகை எட்டாத கரிசல் கிராமத்திற்கும் பாட்டு எட்டிவிடும். மானாவாரிப் பருத்தி வீடு சேர்ந்த பின், பங்குனி சித்திரைத் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த நாடகமே ஒரு காலத்தில் கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்துப் பாமர ஜனங்களுக்குப் பள்ளிக்கூடமாக விளங்கியது. அப்பள்ளியில் சுயராஜ்யப் பாடம் புகட்டியவர்களுள் தலைசிறந்தவர் விசுவநாததாஸ்.

1886-இல் சிவகாசியில் பிறந்த தாஸ், புராண நாடகங்களின் நடுவே தேசிய கீதங்களைத் துணிந்து பாடினார். மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய பாடல்கள் அவர் குரலேறிப் பட்டிதொட்டியெங்கும் பரவின. தினைப்புனத்துக் கொக்கு வெள்ளையனுக்கு உவமையாயிற்று. ராஜத்துரோக நாடகங்களைத் தடுக்க 1876-ஆம் வருஷத்துச் சட்டம் சர்க்காரிடம் இருந்தது. ஆனால், முருகன் கதைக்குள் திடீரென நுழையும் பாட்டை முன்கூட்டித் தடுப்பது எங்ஙனம்? ஆகவே பாடியவரையே சிறையிலிட்டனர். தாஸ் பலமுறை சிறை புகுந்தார். வெளிவந்ததும் மீண்டும் பாடினார்.

சர்க்காரின் கொடுமையை மட்டும் கூறி நாம் நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. தாஸ் மருத்துவர் குலத்தவர். அந்த ஒரே காரணத்தால் அவரோடு மேடையேற மறுத்த நடிகர்கள் உண்டு. அவருடைய பாட்டிற்குக் கைதட்டிய தேசம், அவரருகில் நிற்கக் கூசியது! அக்கட்டை உடைத்து அவரோடு நடித்தவர்களுள் ஒருவர் கே. பி. ஜானகி அம்மாள், பிற்காலத்தில் கம்யூனிஸ்டுத் தலைவராகி, 1967-இல் சட்டசபைக்கும் சென்றவர்.

தாஸின் இறுதிக் காலம் வறுமையிலும் கடனிலுமே கழிந்தது. கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளை 1920-களில் கோவில்பட்டியில் வக்கீல் தொழில் நடத்தி இடர்ப்பட்டதை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. தியாகியை உயிரோடிருக்கையில் மறந்து, மாண்டபின் மாலையிடுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. 1940 டிசம்பர் 31 அன்று, சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில், மயில்மீதமர்ந்த முருகனாகவே தாஸ் உயிர் நீத்தார்.

திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் உண்டு; அது தக்கதே. எனினும் கல்லாலும் சுண்ணாம்பாலும் தீரும் கடனன்று இது. இன்றும் நம் திருவிழாவிற்கு வரும் வில்லுப்பாட்டுக்காரரும் கரகாட்டக்காரரும் எந்தத் திண்ணையில் உட்காரவைக்கப்படுகின்றனர்? பேசிய கூலி குறைவின்றிக் கொடுக்கப்படுகிறதா? அவர்கள் ஜாதியை விசாரித்த பிறகா தண்ணீர் தரப்படுகிறது? தாஸின் பெயரை மேடைகளில் முழங்கும் தொண்டர்கள் முதலில் தத்தம் ஊரில் இவற்றிற்கு விடை காணட்டும். அந்நிய ஆட்சி 1947-இல் அகன்றது. தாஸை ஒதுக்கிய வழக்கத்தை அகற்றும் பொறுப்பு நம்முடையது.