விவேகம் என்பது யாது?

தென்காசியினின்று குற்றாலம் நோக்கிச் செல்லும் வழியில் மேலகரம் என்னும் ஊர் உளது. சாரற் காலத்தில் அருவியை நாடி விரைவோர் பலர் அவ்வூரை ஏறிட்டும் பாராது கடந்து போவர். ஆயினும் தமிழ் பயில்வார்க்கு அஃது எளிதிற் கடந்து போதற்குரிய ஊரன்று. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தோன்றிய பதி அதுவே. அந்நூலின் சுவையில் ஈடுபட்டு, மதுரையை ஆண்ட முத்து விசயரங்கச் சொக்கநாத நாயக்கர் அவர்க்கு நிலம் மானியமாக அளித்தார் என்பதும், அந்நிலம் குறவஞ்சி மேடு என்னும் பெயர் பெற்றது என்பதும் பலரும் அறிந்த செய்திகள்.

எமது இல்லமும் அவ்வூரிலேயே உளது. கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, சைவர் நிறைந்த தெருவில் வளர்ந்து, இக்கல்லூரியில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று வருகிறோம். ஆதலின், கிறிஸ்தவன் தன் அயலாரிடையே விவேகமாய் நடந்துகொள்வது எங்ஙனம் என்னும் வினா எமக்கு இளமை முதற்கொண்டே பழகியதொன்றாம். அதனைக் குறித்து எமக்குத் தோன்றியவற்றை ஈண்டு எழுதத் துணிகிறோம். பிழை காணின் பெரியோர் பொறுத்தருள்க.

நம் ஆண்டவர் தம் சீடரை ஊர்தோறும் அனுப்பியபோது பாம்பையும் புறாவையும் ஒருங்கே உவமை காட்டினார் என்பதனை நாம் ஞாயிறு பாடசாலையிலேயே கேட்டிருக்கிறோம். ஓநாய்களிடையே செல்லும் ஆடுகளுக்கு அறிவும் வேண்டும், கபடற்ற உள்ளமும் வேண்டும் என்பது அவர் திருவுளம். கோபுரம் கட்டப் புகுவோன் முன்னரே அமர்ந்து செலவைக் கணக்கிடல் வேண்டும் என்று அவர் கூறியதும், எண்ணெயை மறவாது உடன்கொண்டு சென்ற கன்னியரைப் புகழ்ந்ததும் இதனையே வலியுறுத்தும். வள்ளுவனாரும் அறிவுடைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்து, மனத்தைச் சென்றவிடத்துச் செல்லவிடாது தீமையினின்றும் விலக்கி நன்மையின்பாற் செலுத்துவதே அறிவு எனக் கண்டார். ஆதலின் விவேகம் வேண்டும் என்பதில் யார்க்கும் ஐயமில்லை. எது விவேகம் என்பதிலேயே மயக்கம் உண்டு. 'விவேகமாய் இரு' என்று பிறர் நமக்கு அறிவுரை கூறும்போதெல்லாம், 'வாய் திறவாதிரு' என்பதே அதன் பொருளாக முடிந்துவிடுகிறது. இம்மயக்கத்தைத் தெளிவித்தற்குத் தமிழ்க் கிறிஸ்தவ சரித்திரத்திலேயே தக்கதொரு சான்று உண்டு. அஃது எம்மூர்க் கவிராயர் பாடிய நூல்வகையோடு தொடர்புடையதாதல் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

திருநெல்வேலியில் 1774 ஆம் ஆண்டிற் பிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார். இளமையிலேயே அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். பிற்காலத்தே தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரும் அவ்வையரிடமே கல்வி பயின்றவர். சாஸ்திரியார் 1800 ஆம் ஆண்டில் 'பெத்லகேம் குறவஞ்சி' என்னும் நூலை இயற்றினார். குற்றாலக் குறவஞ்சியில் பந்தாடி நின்ற வசந்தவல்லி திருவுலாப் போந்த குற்றாலநாதரைக் கண்டு காதல் கொள்கிறாள். குறத்தி வந்து மலைவளம் கூறிக் குறி சொல்கிறாள். சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறான். குறவஞ்சிக்குரிய இவ்வமைப்பைச் சாஸ்திரியார் அப்படியே மேற்கொண்டார். அவர் நூலில் பெத்லகேம் நாதர்மேற் காதல் கொண்ட தலைவி திருச்சபையாகிறாள்; குறியும் வேட்டையும் ஞானப் பொருள் பெறுகின்றன. அக்காலத்திற் புதிதாய் இந்நாட்டிற் பரவிய பூகோள, வானநூற் செய்திகளும் அதனுள் இடம்பெற்றன.

இச்செயலே விவேகம் என்போம். அக்காலத்து நம்மவருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். குறவஞ்சியின் மெட்டோ அவர்கள் செவிக்கு நன்கு பழகியது. அயல்நாட்டார் வாய்வழி வந்த நற்செய்தியைத் தமிழர் தம்முடையதாகக் கொள்ளல் வேண்டுமாயின், அவர்கள் பாடும் பாட்டிலேயே அது புகுதல் வேண்டும். இதனை உணர்ந்த சாஸ்திரியார் சொல்லவேண்டிய பொருளிற் சிறிதும் குறைத்தாரல்லர். சொல்லும் முறையைக் கேட்போர்க்கு இசைய அமைத்துக்கொண்டார். அதற்காகக் குறவஞ்சி மரபு முழுவதையும் கற்றுத் தேர்ந்த உழைப்பும் அவருடையதே.

ஆயினும் அவர் வரலாறு இத்துடன் முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனெரிமார் சபையின் பழைய வழக்கங்கள் சிலவற்றை மாற்ற முற்பட்டனர். 1829 ஆம் ஆண்டளவிற் சாஸ்திரியார் அவர்களைக் கண்டித்து எழுதினார். பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பை மாற்றியதையும், ஆலயத்தில் தமிழ்ப் பாட்டை விலக்கியதையும், விழாக்களில் மலர் வழங்குதலைத் தடுத்ததையும் அவர் குறை கூறினார். இம்மூன்றோடு நான்காவதாகச் சேர்த்த குறை, வெவ்வேறு சாதியாரைச் சபையில் ஒருங்கே கலக்கச் செய்தனர் என்பது. சாதி உலகியலைச் சார்ந்த மரியாதையே, சமயத்தைச் சார்ந்ததன்று என்பது அவர் தரப்பினர் வாதம். 1833 ஆம் ஆண்டிற் கல்கத்தா அத்தியட்சராகிய டேனியல் வில்சன், சபையிற் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டும் எனக் கட்டளை விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகி நின்றனர்.

இஃது எமக்குப் பெருவியப்பையும் பெருந்துயரையும் விளைத்தது. பாட்டிற்காகவும் மலருக்காகவும் சாஸ்திரியார் வாதாடியது முற்றும் நேர். அவர் கீர்த்தனைகளை இன்றும் நம் ஆலயங்களிற் பாடுகிறோம். அதற்காக அவர்க்கு என்றும் கடமைப்பட்டுள்ளோம். அதே மனிதர், அதே எழுதுகோலால், ஒரே பாயில் உடன் அமரவொட்டாது சகோதரரை விலக்குதற்கும் வாதாடினார். நாட்டு வழக்கத்தைப் பேணுதல் விவேகம் என்னும் ஒரே கொள்கை ஓரிடத்தில் அறமாகவும், மற்றோரிடத்தில் மறமாகவும் முடிந்தது எங்ஙனம்?

இதற்கு விடை அந்தியோகியாவிற் கிடைக்கிறது. பேதுரு அப்போஸ்தலர் அந்நகரில் முதலிற் புறவினத்தாரோடு உடனிருந்து உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடனே அவர்களுக்கு அஞ்சிப் பந்தியினின்றும் விலகினார். பர்னபாவும் அவரைப் பின்பற்றினார். பவுல் அப்போஸ்தலரோ பேதுருவை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். இப்பவுல் முரட்டுத்தனம் உடையவரல்லர். யூதரிடையே யூதரைப் போலவும் புறவினத்தாரிடையே அவர்களைப் போலவும் ஒழுகியவர். அத்தேனே நகரத்தில் அந்நாட்டார் பலிபீடத்தையும் அவர்தம் புலவரையும் எடுத்துக்காட்டிப் பேசியவர். தாம் உண்ணும் ஊன் ஒரு சகோதரனுக்கு இடறலாகுமாயின் அவ்வூனையே விட்டுவிடச் சித்தமாயிருந்தவர். இத்தகைய விட்டுக்கொடுத்தலுக்கும் பேதுருவின் விலகலுக்கும் உள்ள வேற்றுமை யாது? பவுல் விட்டுக்கொடுத்தபோது அதன் பாரம் பவுலின் தலையில் விழுந்தது. பேதுரு விலகியபோது அதன் பாரம் பந்தியில் எஞ்சியிருந்த ஏழைச் சகோதரர் தலையில் விழுந்தது. சாஸ்திரியார் குறவஞ்சி பாடியதையும் சாதிக்கு வாதாடியதையும் இவ்வளவுகோல் கொண்டு அளப்பின் ஐயம் நீங்கும். 'இதற்குரிய விலையைக் கொடுப்பவர் யார்?' என்று வினவுதல் வேண்டும். நாமே கொடுப்பின் அது விவேகம். பிறனைக் கொடுக்கச் செய்தால் அது கோழைமை. அதற்கு விவேகம் என்று நாம் இட்ட பெயர் பொய்ப்பெயர்.

இதனை எம் தெருவிலுள்ள ஆச்சி ஒருவர் எமக்கு முன்னரே கற்பித்திருக்கிறார். அவர் பழுத்த சைவர். தைப்பொங்கலன்று எம் இல்லத்திற்குப் பொங்கல் கொண்டுவந்து தருவார். படையலுக்கு முன்னரே எங்களுக்கெனத் தனியே எடுத்து வைத்ததாகச் சொல்லியே தருவார். நாங்கள் கேட்டதில்லை, எங்கள் மனம் இடறலாகாது என அவரே எண்ணி இரட்டிப்பு வேலை மேற்கொண்டார். எம் அன்னையும் கிறிஸ்துமஸ் பலகாரத்தை அவர்க்கென ஊன் புழங்காத பாத்திரத்திற் செய்து அனுப்புவது வழக்கம். ஆச்சி தம் சமயத்தை விட்டாருமல்லர், எம்மை வருத்தினாருமல்லர். தம் பாரத்தைத் தாமே சுமந்தார்.

இவ்வளவும் எழுதும் யாம் விவேகமாய் நடந்தோமோ எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். யாம் முன்னர்த் தங்கியிருந்த விடுதி ஒன்றில், புதிதாய் வந்த மாணவர் ஒருவர் ஒருநாள் எம் பந்தியில் வந்தமர்ந்தார். மூத்த மாணவர் ஒருவர் அவரை நோக்கி, ஊர் எது, எந்தத் தெரு என்று வினவினார். விடை கேட்டவுடன் ஒன்றும் பேசாது தம் தட்டை எடுத்துக்கொண்டு வேறிடம் சென்றார். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவ்வாரமே ஒரே ஆலயத்தில் ஆராதித்தவர்கள். புதியவர் தலைகுனிந்து உண்டு முடித்தார். யாம் கண்டும் காணாதவர்போல் இருந்தோம். விடுதியில் வீண் பூசல் விளைப்பது தகாது, சமாதானத்தைக் காத்தலே அறிவுடைமை என்று எமக்கு யாமே நியாயம் கூறிக்கொண்டோம். மறுநாள் அப்புதியவர் சுவரோரத்தில் தனியே அமர்ந்து உண்ணக் கண்டோம். யாம் காத்த சமாதானத்தின் விலையை அவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏறக்குறைய ஒரு திங்கள் கழித்து நூல்நிலையத்திற் சாஸ்திரியாரின் வரலாற்றைப் படித்தபோது எம் முகம் வெந்தது. முன்னோரைக் குறை கூற எடுத்த கோல் எம்மையே அளந்தது. அன்று மாலை எம் தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் சென்று அவர் அருகே அமர்ந்தோம். பின்னர் மூத்தவரைத் தனியே கண்டு, அவர் செயல் தவறு என்று எம்மாலியன்ற அளவு பணிவாய்ச் சொன்னோம். அவர் சினந்தார். எம்மோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டார். அவர் நட்பை யாம் பெரிதும் மதித்தவர்; இழந்தது எமக்கு நோவாகவே உளது. எனினும் அந்நோவு இம்முறை உரியவரிடத்தே வந்து சேர்ந்தது.

இளைஞர் நாவடக்கம் இன்றிப் பேசுதற்கு இவ்வெழுத்து இடந்தரும் எனச் சிலர் தடை நிகழ்த்தலாம். அத்தடையில் உண்மை உண்டு. பலர் முன்னிலையில் அன்று யாம் கூச்சலிட்டிருப்பின், அப்புதியவர்க்கே பின்னும் நாணம் விளைந்திருக்கும். பிறர் சமயத்தைத் தெருவில் நின்று இகழ்வோன் துணிவுடையவன் போலத் தோன்றினும், அவன் செயலால் வரும் பகையைத் தாங்குவோர் அவ்வூரிலுள்ள மற்றைக் கிறிஸ்தவ ஏழைகளே. ஆதலின் அதுவும் விவேகமன்று. குற்றம் செய்த சகோதரனை முதலில் தனித்துக் கண்டு உணர்த்துக என்று நம் ஆண்டவர் முறை வகுத்திருக்கிறார். எப்பொழுது, எவ்விடத்து, எச்சொல்லால் என்பவற்றை வரையறுப்பது விவேகத்தின் தொழில். பேசவே வேண்டாம் என்று தீர்ப்பளிப்பது அதன் தொழிலன்று. காலம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்போர், அக்காலம் வந்தபோது பேசினரா என்பதனைத் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்க.

1833 ஆம் ஆண்டின் கட்டளை பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறையப் போகின்றன. இன்றும் நம் நாட்டிற் கல்லறைத் தோட்டத்திலும் சாதிப் பிரிவினை காணப்படும் ஊர்கள் உள. மணமகன் தேடும் கிறிஸ்தவ விளம்பரங்களிற் சாதிப் பெயர் மறவாது அச்சாகிறது. இவற்றை எல்லாம் ஒருநாளில் மாற்றுதல் மாணவராகிய நம்மால் இயலாது. நம்மால் இயலுவது சிறிது. ஆயினும் அது நம் கையிலேயே உளது. ஆனி மாதத்திற் புதிய மாணவர் பலர் விடுதிகளுக்கு வருவர். அவர்களிடம் ஊர் கேட்போம்; தெருக் கேளாதிருப்போம். எவரேனும் தனியே அமர்ந்து உண்ணக் காணின் நம் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே செல்வோம். அதனால் வரும் இழப்பு எதுவாயினும் அது நம்முடையதாகவே இருக்கட்டும்.