லாரமி கோட்டையின் கதை 1890-ல் முடியவில்லை

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், லாரமி ஆறு வடக்கு பிளாட் ஆற்றோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கைவிடப்பட்ட ராணுவக் கோட்டை ஒன்று இருக்கிறது. 1834-ல் தோல் வணிகர்கள் தொடங்கிய இடம் அது. 1849-ல் ராணுவம் 4,000 டாலருக்கு வாங்கியது. மேற்கே போன குடியேறிகளின் வண்டித்தடத்தைக் காப்பது அதன் வேலை. ரயில்பாதை தெற்கே செயென் வழியாகப் போய்விட, 1890-ல் ராணுவம் வெளியேறியது. கட்டடங்கள் ஏலத்தில் போயின. பலவற்றைப் பிரித்து மரத்தை எடுத்துச் சென்றார்கள். 1938-ல்தான் எஞ்சியது தேசிய நினைவிடமானது. குதிரைப்படையும் குடியேறிகளும் நிறைந்த இந்தக் கதையை ராணுவம் வெளியேறியதோடு முடித்துவிடுவதே வழக்கம். அது பாதிக் கதை. லாரமியின் வரலாறு அங்கே நடந்த சண்டைகளில் இல்லை. அதன் பெயரைத் தாங்கிய ஒப்பந்தங்களில் இருக்கிறது. அவற்றில் ஒன்றின் கணக்கு இன்னும் தீரவில்லை.

கட்டடங்களே இதற்குச் சான்று. ராணுவம் அங்கே சுற்றுமதில் எழுப்பவே இல்லை. திறந்த வெளியில் முகாம் வீடுகள், கிடங்குகள், ஒரு மருத்துவமனை, அவ்வளவுதான். முற்றுகைக்கு அஞ்சிய இடமாக அது தெரியவில்லை. ஆட்கள் வந்து பேசி, பண்டம் மாற்றி, பேரம் முடித்த இடம் அது. 1851 ஒப்பந்தம் அந்தக் கோட்டையின் பெயரைத் தாங்கியது. அதன்படி சமவெளிப் பூர்வகுடிகள் சாலைகளுக்கு இடம்கொடுக்க, அரசு ஐம்பது ஆண்டுகளுக்குப் பொருளுதவி தருவதாகச் சொன்னது. செனட் அந்த ஐம்பதைப் பத்தாகக் குறைத்தது.

1868 ஒப்பந்தம் இதைவிடக் கனமானது. போஸ்மன் என்ற வண்டிப்பாதையில் ராணுவம் கட்டிய மூன்று கோட்டைகளை எதிர்த்து லகோட்டா தலைவர் ரெட் கிளவுட் போரிட்டார். 1866 டிசம்பரில் ராணுவ அதிகாரி ஃபெட்டர்மனின் படை 81 பேரோடு அழிந்தது. கடைசியில் அரசு இறங்கிவந்தது. படை வெளியேறும்வரை ரெட் கிளவுட் கையெழுத்திடவில்லை. வெறுமையான கோட்டைகள் எரிக்கப்பட்ட பிறகே நவம்பரில் லாரமிக்கு வந்தார். பிளாக் ஹில்ஸ் மலைகள் உட்பட, மிசூரி ஆற்றுக்கு மேற்கே இன்றைய தெற்கு டகோட்டா நிலம் லகோட்டாக்கள் அடங்கிய சூ மக்களுக்கே உரியது என்று அந்த ஒப்பந்தம் உறுதி தந்தது. வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட்டால் தவிர, அந்த நிலத்தில் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றும் அதில் இருந்தது. 1874-ல் ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அந்த மலைகளில் தங்கம் இருப்பதாக அறிவித்தது. 1876-ல், மலைகளைத் தராவிட்டால் ரேஷன் கிடையாது என்றது காங்கிரஸ். பட்டினியின் நிழலில்கூடப் பத்தில் ஒருவரே கையெழுத்திட்டார். அப்படியும் 1877-ல் நிலத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

லகோட்டாக்களும் குரோ என்ற வேறொரு பூர்வகுடி மக்களை விரட்டித்தானே அங்கே வந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. விரட்டியது உண்மைதான். அது குரோ மக்கள் எழுப்ப வேண்டிய வழக்கு; தன் கையெழுத்தைத் தானே மீறிய அரசு அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. லாரமியின் கதையை இப்படிச் சொல்வது சாதாரணச் சிப்பாய்களின் நினைவைச் சிறுமைப்படுத்தும் என்றும் சொல்கிறார்கள். அற்பச் சம்பளத்துக்குப் பனியிலும் நோயிலும் கிடந்த அவர்களில் பலர் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த ஏழைகள். அவர்கள் வாழ்க்கை லாரமியில் முழுதாகச் சொல்லப்படட்டும். ஒப்பந்தத்தை உடைத்தவர்கள் அவர்கள் அல்ல, வாஷிங்டனில் இருந்தவர்கள்.

பழைய கதையை ஏன் கிளற வேண்டும் என்ற கேள்விதான் எனக்கு ஏற்கவே முடியாதது. 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, நிலம் உரிய ஈடின்றி எடுக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. ஈட்டுத்தொகை வட்டியோடு 10 கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்காவின் மிக வறிய பகுதிகள் சிலவற்றில் வாழும் சூ மக்கள் அதைத் தொடவில்லை. அவர்கள் கேட்பது நிலம். கருவூலத்தில் அந்தப் பணம் 100 கோடி டாலருக்கு மேல் வளர்ந்து கிடக்கிறது. இன்று அங்கே குடியிருப்பவர்களை எங்கே அனுப்புவது என்ற அச்சத்துக்கும் பதில் வந்துவிட்டது. 1985-ல் செனட்டர் பில் பிராட்லி கொண்டுவந்த மசோதா தனியார் நிலத்தையும், அதிபர்களின் முகங்கள் செதுக்கிய ரஷ்மோர் மலையையும் விட்டுவிட்டு, மத்திய அரசின் நிலங்களை மட்டும் திருப்பித் தரச் சொன்னது. அது நிறைவேறவில்லை. அந்த மலைகளின் கணிசமான பகுதி இன்றும் மத்திய அரசின் வனத்துறையிடம்தான் இருக்கிறது.