பனி வேண்டாம், ஒரு பின்னேரம் வேண்டும்

கனடாச் சொந்தங்கள் பனிச்சறுக்கு வீடியோ அனுப்பினால் எங்கட வீடுகளில ஒரே கதைதான்: "அவைக்கு வசதி இருக்கு, விளையாடினம். நீங்கள் படிக்கிற வழியைப் பாருங்கோ." இந்தக் கதையோடு நாங்கள் உடன்படவில்லை.

அந்த வீடியோவை ஒருக்கா வடிவாய்ப் பாருங்கோ. பின்னேரம் முழுக்க மரங்களுக்கு இடையால வளைஞ்சு வளைஞ்சு இறங்கினம். சரிவில் இருக்கும் பனித்திட்டிகளுக்கு 'மோகல்' என்று பெயர். பெரும்பாலும் அவற்றை யாரும் கட்டுவதில்லை. கனபேர் ஒரே சரிவில் திரும்பித் திரும்பிச் சறுக்க, தானாய்க் குவிபவை. விளையாட்டு நிலத்தில் விட்டுப்போன அடையாளம் அது. எங்கட நிலத்தில் குவிந்தவை 2008இன் மண் அணைகள். முகமாலையில் மரங்களுக்கு இடையால போவதென்றால் முதலில் தேடுவது மண்டையோட்டுப் பலகையை.

இன்னொன்று. 1767இல் நோர்வேயில் பனிச்சறுக்குப் போட்டி நடத்தியது இராணுவம். 1992இல் மோகல் ஒலிம்பிக் பதக்க விளையாட்டாகிவிட்டது. அங்கே படைப்பயிற்சி சனத்தின்ர விளையாட்டானது. இங்கே? சனம் செத்த நந்திக்கடல் ஓரத்தில் இராணுவம் உல்லாச விடுதி திறந்தது. 2017இல் கேப்பாப்புலவுச் சனமோ தங்கட காணியைக் கேட்டு வீதியில் இருந்தது.

அப்ப, பிரச்சினை வசதி மட்டும்தான் என்று சொல்லாதேங்கோ. நாங்கள் கேட்பது பனியை இல்லை. பயமில்லாத காடு, திருப்பித் தந்த காணி, எங்களுக்கென்று ஒரு பின்னேரம். "படிச்சிட்டு வெளிநாடு போய் விளையாடு" என்பது பதில் இல்லை. எங்கட தம்பி தங்கச்சிமார் விளையாட இடம் இங்கேயே வேண்டும்.