ரிட்டர்ன் ஓஸ் தானேன்னு விடாதீங்க

பழைய டீசல் வண்டி வச்சிருக்கிறவங்க டயர், பேட்டரி, இன்ஜின் ஆயில் பத்தியெல்லாம் மணிக்கணக்கா பேசுவாங்க. இன்ஜெக்டர் தலைக்குத் தலை ஓடுற பென்சில் தடிமன் கறுப்பு டியூபைப் பத்தி மட்டும் யாரும் பேசுறதில்ல. அதை மாத்தும்போது எந்த டியூப் போடுறீங்கன்னு கேக்குறதும் இல்ல. கடைக்காரர் எதைக் கொடுத்தாரோ, மெக்கானிக் டூல்ஸ் பையில எது கிடந்துச்சோ, அது ஏறிடும். அப்படி விடக்கூடாதுங்கிறது என் கட்சி.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு இது அற்ப விஷயமாத் தெரியலாம். வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா ஆட்டோ பிடிச்சுப் போயிடுவீங்க. எங்க நிலவரம் வேற. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா கோமுகி அணையைத் தாண்டினா கல்வராயன் மலை ஏற்றம் ஆரம்பிச்சிடும். வெள்ளிமலைக்கு, கரியாலூருக்கு பஸ் போகுது. ஆனா பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களுக்கு இன்னிக்கும் ஜீப்பும் ட்ராக்ஸும் பிக்கப்பும்தான். மரவள்ளிக் கிழங்கும் புளியும் கீழே இறங்குறது, உர மூட்டை மேலே ஏறுறது எல்லாம் அதுலதான். ராத்திரி ஒரு பிரசவ வலி, ஒரு பாம்புக்கடின்னா 108 வந்து நிக்கிற இடம் வரைக்கும் ஆளைக் கொண்டாந்து சேர்க்கிறதும் அதே வண்டிதான். 2022-ல் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துடுச்சு, சந்தோஷம். ஆனா அங்கே போய்ச் சேர, மலையில விடியக்காலம் மூணு மணிக்கு ஒரு பழைய டீசல் இன்ஜின் முதல் செல்ஃப்லயே பிடிக்கணும். அந்த இடத்துலதான் இந்தச் சின்ன டியூபுக்கு வேலை.

பம்ப் டீசலை நூறு மடங்கு காத்தழுத்தத்துக்கு மேல அமுக்கி இன்ஜெக்டருக்கு அனுப்புது. உள்ளே இருக்கிற ஊசிக்கும் அதோட உடம்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல சில பங்கு. அது வழியா துளித்துளியா டீசல் கசியும். கசியணும், அந்த ஊசிக்கு எண்ணெய் போடுறதே அந்தக் கசிவுதான். கசிஞ்சது மேலே இருக்கிற குட்டி நிப்பிள் வழியா வெளியே வந்து, ரிட்டர்ன் ஓஸ் வழியா டேங்குக்குத் திரும்பிப் போகும். இதுல அழுத்தம்னு பெருசா ஒண்ணும் இல்ல. அதனாலதான் "ரிட்டர்ன் தானேண்ணே, எது போட்டா என்ன?"ன்னு மெக்கானிக் தம்பிங்க சொல்றாங்க.

அழுத்தம் இல்லைங்கிறதுதான் வம்பே. பிரஷர் லைன்ல விரிசல் விட்டா பீய்ச்சி அடிச்சுக் காட்டிக் கொடுத்திடும். ரிட்டர்ன்ல விரிசல் விட்டா வேர்த்த மாதிரி ஈரம் மட்டும்தான் தெரியும், அது மேல புழுதி ஒட்டி மண்ணாயிடும். இன்ஜின் நின்னதும் அந்த விரிசல் வழியா காத்து உள்ளே போகும், டீசல் டேங்குப் பக்கம் இறங்கும். மூக்கு மேடு பாத்து ஏத்தத்துல நிறுத்தியிருந்தா இன்னும் சீக்கிரம் இறங்கும், டேங்கு பின்னாடி தாழ்வுல இருக்கே. காலையில செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி சாகும். அப்புறம் பேட்டரி மாத்துவாங்க. அதுக்கப்புறம் ஹீட்டர் ப்ளக். கடைசியா "பம்பைக் கழட்டி சர்வீஸ் பண்ணணும்"னு ஒரு பெரிய தொகை சொல்லுவாங்க. மலையடிவாரத்துல ஒரு குடும்பம் கரும்புப் பணத்தை இந்த வரிசையில செலவழிச்சதை நான் கிட்ட இருந்து பாத்தேன். கடைசியில மாத்தினது முக்கால் மீட்டர் டியூப்.

என்கிட்ட இருக்கிறது பழைய டெம்போ ட்ராக்ஸ். கேலி பண்ணாதீங்க, அதுக்குள்ள இருக்கிறது பென்ஸ் இன்ஜின். ஓ.எம்.616ன்னு பேரு, பஜாஜ் டெம்போ கம்பெனி லைசென்ஸ் வாங்கி இங்கே செஞ்சது. 2005-ல் பேரை மாத்திக்கிட்டு ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது அதே கம்பெனிதான். 1976-லிருந்து 1985 வரைக்கும் வந்த 240டி பென்ஸ் காருக்கும் இதே இன்ஜின். வெளிநாட்டுல டாக்ஸியா ஓடி ஓடிப் பேர் வாங்கின கார் அது. அந்தக் காரை ஆசையா வச்சிருக்கிறவர் எந்த ரிட்டர்ன் ஓஸைத் தேடுறாரோ, அதே சைஸ்தான் சாமை மூட்டை ஏத்துற என் ட்ராக்ஸுக்கும்: உள் ஓட்டை 3.2 மில்லிமீட்டர், மேலே நூல் பின்னல்.

சரி, எதை வாங்குறது? ரப்பர்னா எல்லாம் ரப்பர்தான்னு நினைக்கிறவங்களுக்காக மோட்டார் கொட்டாய்ல ஒரு வேலை பண்ணிப் பாத்தேன். ஒரு பாட்டில்ல டீசல் ஊத்தி சைக்கிள் டியூப் துண்டு, ரேடியேட்டர் ஓஸ் துண்டு, மருந்தடிக்கிற ஸ்பிரேயர்ல வர்ற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூப், எரிபொருளுக்குன்னே செஞ்ச ஓஸ், எல்லாத்தையும் போட்டு ஒரு மாசம் மூடி வச்சேன். சைக்கிள் டியூப் ஊறிப்போய்க் கொழகொழன்னு ஆயிடுச்சு. ரேடியேட்டர் ஓஸ் உப்பிக்கிச்சு. சுடுதண்ணியை வருஷக்கணக்கா தாங்குற அந்த ரப்பருக்கு டீசல் ஆகாது. பிளாஸ்டிக் டியூப் மஞ்சளாகி, விறைச்சு, குச்சி மாதிரி ஆச்சு. அதை வளைவா வச்சிருக்கிற எண்ணெய்ப் பசையை டீசல் உறிஞ்சிடுது. எரிபொருள் ஓஸ் மட்டும் போட்டபடியே இருந்துச்சு. மீன் தொட்டிக்குக் காத்து விடுற சிலிக்கான் டியூபும் டீசலுக்கு உதவாது, அது எவ்வளவு சூடு தாங்கினாலும் சரி.

கண்ணாடி டியூபுக்கு ஒரே ஒரு உபயோகம் உண்டு. ரிட்டர்ன்ல காத்துக் குமிழ் வருதான்னு பாக்க அரை மணி நேரம் மாட்டிப் பாக்கலாம். பாத்ததும் கழட்டிடணும்.

டீசல் தாங்குற ரப்பருக்கு நைட்ரைல்னு பேரு. அதை விட ஒசத்தி வைட்டான், விலையும் அதிகம். பெட்டியில ஒரிஜினல்னு அச்சடிச்சிருக்கிறதை நான் பெருசா எடுத்துக்கிறதில்ல, ஓஸ் மேலே என்ன எழுதியிருக்குன்னுதான் பாப்பேன். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 அல்லது ஆர்9, நூல் பின்னின சின்ன ஓஸ்னா டின் 73379. ரிட்டர்னுக்கு ஆர்7 போதும். எழுத்தே இல்லாத ஓஸை வேண்டாம்னு வச்சிடுங்க. எழுத்து இருந்தாலும் ரெண்டு விரல்ல மடக்கிப் பாருங்க. கடையில பத்து வருஷம் வெயில் பட்டுத் தொங்கின நல்ல ஓஸும் மடக்கின இடத்துல நரம்பு நரம்பா வெடிச்சுக் காட்டும். நூல் பின்னல்ல அது தெரியாது, நூலே டீசலைக் குடிச்சு மறைச்சிடும். அதனால அளவு கிடைச்சா மேலே வழவழப்பா இருக்கிறதுதான் எனக்குப் பிடிச்சது. பாக்க அழகு இல்ல, ஆனா விரிசல் விட்டா கண்ணுக்குத் தெரியும்.

"இத்தனை வருஷம் கசியாத வண்டி இப்ப ஏன் கசியுது?"ன்னு கேப்பாங்க. வயசு முதல் காரணம். டீசலும் மாறிடுச்சு. 2010-ல் 350 பங்கு கந்தகம் இருந்த டீசல், 2017-ல் நாடு முழுக்க 50 ஆச்சு, 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 வந்து 10 ஆச்சு. எல்லாம் பத்து லட்சத்துல இத்தனை பங்குங்கிற கணக்கு. காத்துக்கு நல்லதுதான். ஆனா கந்தகத்தை எடுக்கும்போது ரப்பரை லேசா உப்ப வச்சிருந்த சில பொருளும் சேர்ந்து குறைஞ்சிடும். பழைய டீசல்ல ஊறின ரப்பர் புது டீசல்ல சுருங்கும், இணைப்புல கசியும். 1993-ல் கலிபோர்னியாவுல டீசலை மாத்தினப்ப அங்கேயும் இதே கூத்து நடந்திருக்கு.

இன்னொண்ணும் உண்டு. 2000-களில் எங்களையெல்லாம் காட்டாமணக்கு நடச் சொன்னாங்க, அதுல டீசல் வரும்னு. நட்டவங்க பாடு என்னாச்சுங்கிறது தனிக் கதை, அதுக்கு ஒரு பதிவு போதாது. அந்த மாதிரி தாவர எண்ணெய் டீசலை முழுசா ஊத்தி ஓட்டுற எண்ணம் யாருக்காவது இருந்தா, அவங்க மட்டும் வைட்டானுக்குக் காசு கொடுங்க, அது நைட்ரைலை அரிக்கும். பங்க் டீசல் ஊத்துற மத்தவங்களுக்கு நல்ல நைட்ரைல் போதும்.

மாத்தும்போது ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க. நாலு இன்ஜெக்டருக்கு நடுவுல மூணு துண்டு, ரிட்டர்ன் பைப்புக்கு ஒண்ணு, கடைசி நிப்பிளை அடைக்கிற ஒரு மூடி. அந்த மூடியும் ரப்பர்தான், அதைத்தான் எல்லாரும் மறக்குறாங்க. பழசை பிளேடு போட்டுக் கீறி எடுக்காதீங்க, நிப்பிள்ல கோடு விழுந்தா புது ஓஸும் கசியும். திருகித் திருகி இழுத்தா வந்துடும். புதுசு இறுக்கமா ஏறணும். கட்டுக்கம்பி சுத்தித்தான் நிக்குதுன்னா சைஸ் தப்புன்னு அர்த்தம், கம்பி ரப்பரை அறுத்தும் விடும். அப்படியே கீழே குனிஞ்சு டேங்கு பக்கத்துல இருக்கிற தடிச்ச ஓஸையும் பாத்திடுங்க. வெயிலும் சேறும் படுறது அதுக்குத்தான். இன்ஜின் ஓடும்போது பிரஷர் பைப்கள் பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதீங்க. அந்த வேகத்துல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். காமன் ரெயில் வண்டிக்கு நான் சொன்ன அளவு எதுவும் பொருந்தாது, அதைத் தெரிஞ்ச கையில கொடுங்க.

தமிழ்நாட்டுல சொந்த வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சாலும் எஃப்.சி. காட்டி அஞ்சஞ்சு வருஷமா ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாம், டெல்லியில கொண்டு வந்த மாதிரி பத்து வருஷத்துல டீசலை ஓரங்கட்டல. அதனால இந்த வண்டிங்க இன்னும் கொஞ்ச காலம் மலையேறும். எங்க பக்கம் சின்ன கடையில இந்த 3.2 ஓஸ் எப்பவும் இருக்காது. சென்னைக்கோ சேலத்துக்கோ போறவங்ககிட்ட சொல்லி ரெண்டு மீட்டரா வாங்கி, வெயில் படாம சீட்டுக்கு அடியில சுருட்டி வச்சிருக்கேன். மூடி தனியா நாலு வாங்கிக்கோங்க, அது சின்ன சாமான், கழட்டுற கையில இருந்தே விழுந்து காணாமப் போயிடும்.