கடல் காற்றாலை: அலைக் கணக்கை ஏன் வெளியில காட்டணும்?

ரூ.7,453 கோடி. குஜராத், தமிழ்நாடு கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலை அமைக்க உதவும் திட்டத்துக்கு, 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொகை இது. எல்லாம் மக்கள் பணம். சரி, அந்தக் கோபுரங்களை அலை எவ்வளவு பலமா அடிக்கும்?

பாடப்புத்தக அலையில் மேடும் பள்ளமும் ஒரே அளவு. புயல் அலை அப்படி இல்லை. முகடு கூர்மையா எழும், பள்ளம் தட்டையா கிடக்கும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால், இழுவிசை நான்கு மடங்காகும். 1950-ல் வந்த மோரிசன் சமன்பாட்டிலேயே இது இருக்கு.

இன்னொரு சிக்கல்: அலையின் தாளத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகமான தாளத்திலும் விசைகள் உருவாகும். அது கோபுரத்தின் இயல்பான ஆட்டத்தோட ஒத்துப்போனா, சரியான நேரத்துல தள்ளின ஊஞ்சல் மாதிரி ஆட்டம் ஏறும்.

எளிய கணக்கு எங்கே தோற்கும்? 1995 ஜனவரி 1 அன்று வடகடலின் டிராப்னர் மேடையில் பதிவான அலை 25.6 மீட்டர். சுற்றியிருந்த பெரிய அலைகளைப் போல இரண்டு மடங்கு!

சென்னை ஐஐடி-யின் தையூர் வளாகத்தில் இதைச் சோதிக்க அலைத்தொட்டியே இருக்கு. திறமைக்குக் குறைவில்லை. எந்த அலையை எடுத்தாங்க, எந்த மாடல், சோதனையோட ஒத்துப்போச்சா என்பதெல்லாம் பொதுவில் வரணும். கோபுர வடிவமைப்பு நிறுவனத்தின் ரகசியமா இருக்கலாம். கடல் ரகசியம் இல்லை.

ஏரி வாரியத்துக்கு விதி எழுதிய உத்திரமேரூர் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரை மறுபடி வாரியத்துக்குள் விடவில்லை. 1,100 ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கு இருந்த விதி, இன்று கடலுக்கும் வேணும்.