மருந்து வரும்வரை வாயைத் திறந்து பார்ப்போம்

கொழுந்தெடுக்கப் போற நம்ம அம்மாமாருக்குக் கூடை எவ்வளவு முக்கியமோ, மடியில இருக்கிற வெத்திலையும் அவ்வளவு முக்கியம். குளிருக்கு ஒரு வாய், பசிக்கு ஒரு வாய். பொயிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோயும் வாய்ப்புற்றுநோய்தான்.

அதனால்தான் கலைப்பீடத்துல படிக்கிற நாங்களும் டெலோமரேஸ் பற்றித் தேடி வாசித்தோம்.

கூடைக்கயிறு பிரியாமலிருக்க நுனியில முடிச்சுப் போடுவோமே, நிறமூர்த்தத்தின் நுனியில் இருக்கும் டெலோமியர் அப்படித்தான். கலம் பிரியப் பிரிய அது குறுகும். ஒரு கட்டத்தில் கலம் பிரிவதே நின்றுவிடும். குறுகியதை மறுபடி நீட்டும் நொதியம்தான் டெலோமரேஸ். 1984இல் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் இதைக் கண்டுபிடித்தார்கள். 2009இல் நோபல் பரிசும் கிடைத்தது. பத்தில் எட்டு ஒன்பது புற்றுநோய்களில் இந்த நொதியம் விழித்திருக்கிறது. அதைத் தடுக்கும் இமெடெல்ஸ்டாட் என்ற மருந்துக்கு 2024 ஜூனில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனா அது ஒருவகை இரத்த நோய்க்கு மட்டும். வாய்ப்புற்றுநோய்க்கு இல்லை.

இதில் எங்களை யோசிக்க வைத்தது வேறொன்று. டெலோமரேஸைத் தடுத்தவுடனே புற்றுநோய்க் கலம் செத்துவிடாது. பல தடவை பிரிந்து நுனி தேயணும். அதுவரை கட்டி வளரும். அதாவது, இந்த வழிக்கு நேரம் வேணும்.

நம்ம ஆட்களிடம் இல்லாததே அதுதானே? வாயில வெள்ளைத் திட்டு. வலி இல்லை, அதனால யாரும் கவலைப்படுறதில்ல. நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியா, ஹட்டன், பிறகு மகரகம என்று அலைந்தால் அத்தனை நாள் பேரும் போயிடும். போய்ச் சேரும்போது நோய் முற்றியிருக்கும்.

1984இல் வெளியான ஓர் ஆய்வில், நம் நாட்டின் ஆரம்ப சுகாதார ஊழியர்கள் 20,000க்கும் மேற்பட்டோரின் வாயை வெறும் கண்ணால் பார்த்தே சந்தேகமான திட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட பலர் போகவில்லை. ஏன் போகவில்லை என்று நம்ம லயத்துல கேட்டாலே பதில் கிடைக்கும்.

ஆய்வுகூடம் அதன் வேலையைச் செய்யட்டும், நாங்க அதற்கு எதிரி இல்லை. நாங்க கேட்பது இரண்டே விஷயம்: பெரட்டுக்களத்துல வாய்ப் பரிசோதனை நடக்கணும், ஆஸ்பத்திரிக்குப் போற நாளுக்குப் பேர் போடணும்.

அதுவரை, கையில போன் டோர்ச் இருக்கு. இன்னைக்கு ராத்திரி அம்மாவை, அப்பாயியை, அப்பாவை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க. இரண்டு கிழமையாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ இருந்தா, நீங்களே கூட்டிட்டுப் போங்க.